உடல் எடைப் பயிற்சியில் எந்த இலக்கு உழைப்புக்குத் தகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரும்பு எடைகளைத் தொடாமல், தண்டால், பஸ்கி, புல்-அப் (பாரில் தொங்கித் தாடை அதற்கு மேலே வரும்படி உடலை இழுப்பது), டிப்ஸ் (இரு இணைப் பார்களில் கைகளை ஊன்றி உடலை இறக்கி ஏற்றுவது) போன்றவற்றால் மட்டும் வலிமை சேர்க்க விரும்பும் புதுச்சேரி, கடலூர் வட்டாரத்து வாசகர்களுக்காக இப்பக்கம் எழுதப்படுகிறது. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் காலை ஏழரை மணிக்கு வாகனங்கள் விடப்படுவதற்குள் பயிற்சியை முடித்துக்கொள்பவர்களும், தேவனாம்பட்டினம் சில்வர் பீச் மணலில் காவலர் தேர்வுக்காக ஓடுபவர்களும், மொட்டை மாடியில் தனியாகப் பயில்பவர்களும் கேட்பவை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. எதைக் குறிவைப்பது, எவ்வளவு காலம் கொடுப்பது, எப்போது கைவிடுவது என்பனவே அவை.

இலக்கு என்று ஒன்று தேவைதானா? தினமும் செய்தால் போதாதா?

உடல் நலம் மட்டுமே நோக்கம் என்றால் ஒழுங்காகச் செய்வதே போதும். பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்றும், வாரத்தில் 2 நாளேனும் முக்கியத் தசைகள் அனைத்துக்கும் வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. அதை நிறைவேற்ற எந்தச் சாகசமும் வேண்டியதில்லை.

வலிமை கூட வேண்டும் என்று நினைப்பவரின் நிலை வேறு. ஜிம்மில் சென்ற மாதம் 40 கிலோ தூக்கியவர் இந்த மாதம் 45 கிலோ தூக்கினால் வளர்ச்சி கண்ணுக்குத் தெரிகிறது; அடுத்து எவ்வளவு என்பதையும் இரும்புத் தட்டே சொல்லிவிடுகிறது. சொந்த உடலைச் சுமையாகக் கொள்பவருக்கு அந்த வசதி இல்லை. சுமை மாறாததால், சில வாரங்களில் உடல் அதற்குப் பழகி அங்கேயே நின்றுவிடுகிறது. மேலும் முன்னேற வேண்டுமானால் பயிற்சியின் வடிவத்தைக் கடினமாக்கிக்கொண்டே போக வேண்டும். எந்தத் திசையில் கடினமாக்குவது என்பதைத் தீர்மானிக்கத்தான் இலக்கு வேண்டியிருக்கிறது.

தகுதியான இலக்கு என்று எதைச் சொல்லலாம்?

ஓர் இலக்கு எட்டப்படாமலே போனாலும், அதற்காக உழைத்த மாதங்கள் உடலில் ஏதேனும் விட்டுச் செல்ல வேண்டும் என்பதே என் முதல் அளவுகோல். முறையான புல்-அப் ஒன்றுக்காக ஆறு மாதம் உழைத்து, கடைசியில் தாடை பாருக்கு நான்கு விரல் கீழேயே நின்றுவிட்டாலும், அந்த ஆறு மாதத்தில் கைப்பிடி இறுகியிருக்கும், முதுகுத் தசைகள் வளர்ந்திருக்கும், தோள்பட்டை நிலைபெற்றிருக்கும். அந்த உழைப்பில் எதுவும் வீணில்லை. மாறாக, உடலை வேகமாக ஆட்டி வீசி ஒரே ஒருமுறை மசில்-அப் (பாரில் தொங்கி இழுத்து, அதற்கு மேலேயே எழுந்துவிடுவது) ஏறிவிடுவதையே குறியாகக் கொண்டவர், அது கைகூடாவிட்டால் நோகும் முழங்கையோடு வீடு திரும்புவதே பெரும்பாலும் நடக்கிறது.

இரண்டாவது அளவுகோல், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அளக்க முடிவது. ‘நல்ல ஃபிட்டாக ஆக வேண்டும்’ என்பதை யாராலும் அளக்க முடியாது. ‘மார்பு தரையிலிருந்து ஒரு கைமுட்டி உயரத்துக்கு இறங்கி, முழங்கை முழுவதும் நீண்டு முடியும்படி, இடையில் நிற்காமல் 20 தண்டால்’ என்பதை வீட்டிலுள்ள சிறுவன்கூட எண்ணிச் சரிபார்த்துவிடுவான். எப்படி எடுத்தால் அது ஒன்றாகக் கணக்கில் வரும் என்பதை முதலிலேயே எழுதி வைக்காதவருக்கு எண்ணிக்கை உயர்வதற்கேற்ப ஆழம் குறைந்துகொண்டே வரும். அவருக்கே அது தெரியாது.

மூன்றாவது, அந்த இலக்கின் செலவை உங்கள் மூட்டுகள் தாங்குமா என்பது. தசை சில வாரங்களில் பதில் கொடுக்கும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்கள் மாதக்கணக்கில் நிதானமாகவே வலுப்பெறும். இந்த இடைவெளியில்தான் பெரும்பாலான காயங்கள் நேர்கின்றன. கைக்கு வலு வந்துவிட்டதாகத் தோன்றும் நேரத்தில் முழங்கையின் உட்புறம் இன்னும் தயாராகியிருப்பதில்லை.

தினமும் நூறு தண்டால் என்பது நல்ல இலக்கா?

பழக்கத்தை உண்டாக்க நல்லது. வலிமையை உண்டாக்க ஓரளவுக்கு மேல் உதவாது. தொடர்ச்சியாக 25, 30 என்று எளிதாக எடுக்கும் நிலைக்கு வந்தவருக்கு, அதன்பின் கூடும் ஒவ்வொரு எண்ணும் தாக்குப்பிடிக்கும் திறனையே வளர்க்கிறது. அதுவும் வேண்டியதுதான், ஆனால் அது வேறு பொருள்.

தண்டால் எடுக்கும்போது கைகள் தாங்குவது முழு உடல் எடையை அல்ல. தரையில் எடுக்கும் வழக்கமான தண்டாலில் உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கைகளில் இறங்குகிறது. 70 கிலோ எடையுள்ளவருக்கு அது சுமார் 45 கிலோ. முழங்காலை ஊன்றி எடுத்தால் அது ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. கைகளை 60 செ.மீ. உயரத்தில், அதாவது பழைய வீட்டுத் திண்ணை அளவில், ஊன்றினால் சுமார் 40 விழுக்காடுதான். அதே திண்ணையில் கால்களை வைத்துக் கைகளைத் தரையில் ஊன்றினாலோ முக்கால் பங்கை நெருங்குகிறது. ஆகவே நூறைத் தாண்டி நூற்றிருபதுக்குப் போவதைவிட, கால்களை உயர்த்தி எட்டு எடுப்பது, பிறகு கைகளை நெருக்கி வைத்து எட்டு எடுப்பது, பிறகு ஒரு கையின் மேல் அதிகப் பாரத்தைச் சாய்த்து எட்டு எடுப்பது என்று போவதே வலிமைக்கான பாதை. ஐந்தில் தொடங்கி, இடையில் ஓய்வெடுத்து எடுக்கும் மூன்று செட்டிலும் (தொகுப்பிலும்) எட்டு சுத்தமாக வந்தபின் அடுத்த வடிவத்துக்கு மாறலாம்.

முதல் புல்-அப் எடுக்க எவ்வளவு காலம் ஆகும்? எப்படித் திட்டமிடுவது?

இக்கேள்வியே அதிகம் வருகிறது. விரிவாகப் பதில் சொல்லவும் தகுதியானது. புல்-அப்பில் உடல் முழுவதும் கைகளில் தொங்குகிறது. தண்டாலைப் போலத் தரை ஒரு பங்கைத் தாங்கிக்கொள்வதில்லை. தண்டாலில் முப்பது எடுப்பவர்கூடப் பாரில் தொங்கி அசைய முடியாமல் இறங்குவது இதனால்தான். வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை.

பாதையை நான்கு படிகளாகக் கொள்ளலாம். முதலில் தொங்குதல். பாரை உள்ளங்கையின் நடுவில் அழுத்திப் பிடிக்காமல், விரல்கள் தொடங்கும் மேட்டில் படுமாறு பிடிக்க வேண்டும். நடுவில் பிடித்தால் தோல் மடிந்து காய்ப்பு கிழியும். 30 நொடி நிதானமாகத் தொங்க வந்தபின், முழங்கையை மடக்காமலே தோள்களைக் காதிலிருந்து கீழே இழுத்துப் பழக வேண்டும். உடல் இரண்டு விரற்கடை மட்டுமே உயரும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். ஆயினும் புல்-அப்பின் தொடக்கம் அங்கேதான் இருக்கிறது. அதைத் தவிர்த்தவர்கள் தோளைக் காதுவரை ஏற்றிக்கொண்டு கையால் மட்டும் இழுத்து, பாதியில் சிக்கிக்கொள்கிறார்கள்.

இரண்டாவது, சாய்வு இழுப்பு: இடுப்பு உயரத்திலுள்ள பாரின் கீழ்ப் படுத்தவாறு, குதிகாலைத் தரையில் ஊன்றி, உடலைப் பலகைபோல் நேராக வைத்து மார்பைப் பாருக்கு இழுப்பது. இதைப் பத்து எடுக்க வந்ததும் மூன்றாவது படி. ஸ்டூலில் ஏறித் தாடையைப் பாருக்கு மேலே வைத்துக்கொண்டு, கால்களை எடுத்துவிட்டு, ஐந்து நொடி எண்ணி மெதுவாக இறங்க வேண்டும். இறங்கும்போது தசையால் தாங்கக்கூடிய சுமை ஏறும்போது தாங்கக்கூடியதைவிட அதிகம் என்பதால், ஏறத் தெரியாதவரும் இறங்கிப் பழகலாம். நான்காவது படியில்தான் ரப்பர் பேண்டின் உதவியோடோ, பின்னால் நிற்பவர் இடுப்பை லேசாகத் தாங்கும்போதோ முழுதாக ஏறுவது வருகிறது. பேண்ட் அடியில் அதிகமாகவும் மேலே குறைவாகவும் உதவுவதால், அதை மட்டுமே நம்பியவர்களுக்குத் தொங்கும் நிலையிலிருந்து கிளம்பும் வலு வராமலே போய்விடுகிறது.

நோட்டில் எழுதுவது எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி: ‘செவ்வாய். தொங்கல் 30 நொடி, மூன்று முறை. சாய்வு இழுப்பு 8, 8, 6. இறக்கம் 5 நொடி, நான்கு முறை. கடைசி முறை முழங்கை செங்கோணத்துக்கு வந்ததும் நழுவியது.’ அந்தக் கடைசி வரிதான் அடுத்த வாரத்துக்கான பாடம். முழங்கை செங்கோணத்தில் நழுவுகிறது என்றால் அந்த இடத்திலேயே மூன்று நொடி நிறுத்திப் பழக வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது.

காலம் என்று கேட்டால், அதிக எடையில்லாத இளைஞருக்குச் சில வாரங்களே போதுமாக இருக்கலாம். எடை கூடியவருக்கு ஓராண்டும் ஆகலாம். எனவே நாளைக் குறிக்காமல் படியைக் குறிப்பதே நேர்மையானது. ‘பொங்கலுக்குள் புல்-அப்’ என்பதைவிட, ‘பொங்கலுக்குள் ஐந்து நொடி இறக்கம் ஐந்து முறை’ என்பது உங்கள் கையில் இருக்கும் இலக்கு.

மசில்-அப், பிளாஞ்ச், ஃப்ரண்ட் லீவர் ஆகியவற்றைக் குறிவைக்கக் கூடாதா?

கூடாது என்றில்லை, வரிசை மாறக் கூடாது. பாரில் தொங்கி, இழுத்து, அதே வேகத்தில் பாருக்கு மேலே எழுந்து கைகளை நீட்டி நிற்பது மசில்-அப். மார்பு பாரைத் தொடுமளவுக்கு உயரும் புல்-அப் ஐந்து முதல் எட்டு, தோள் முழங்கைக்குக் கீழே இறங்கும் டிப்ஸ் பத்து ஆகியவை ஆட்டமின்றி வராதவர் அதில் இறங்குவது அகலக் கால் வைப்பதே.

பாரில் நீட்டிய கைகளால் தொங்கி, முகம் மேல்நோக்க உடலைக் கிடையாக நிறுத்துவது ஃப்ரண்ட் லீவர். கைகளை மட்டும் தரையில் ஊன்றி, முழங்கையை மடக்காமல் உடலைக் கிடையாகக் காற்றில் நிறுத்துவது பிளாஞ்ச். இதில் தசையின் வலிமையைவிட, நீட்டிய முழங்கையின் முன்பக்கத் தசைநாண் தாங்குமா என்பதுதான் முதலில் நிற்கும் கேள்வி. முழங்கால்களை மார்போடு மடக்கிய நிலையில் தொடங்கி, மடக்கியதைச் சிறிது சிறிதாக நீட்டிக்கொண்டு போவது ஆண்டுக்கணக்கான வேலை. அதற்குத் தயாராக இருப்பவர் தாராளமாகச் செய்யலாம். ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டியில் வளையங்களில் செய்யும் வலிமை நிலைகள் 2 நொடி அசையாமல் நின்றால்தான் முழுமையாகக் கணக்கில் எடுக்கப்படும். வீட்டில் பயில்பவரும் அந்த விதியையே தனக்கு வைத்துக்கொள்வது நல்லது. ரீல்ஸில் பார்ப்பவை பலவும் அரை நொடிதான் நிற்கின்றன என்பதை, ஓடும் படத்தை ஒருமுறை நிறுத்திப் பார்த்தால் நீங்களே காணலாம்.

நான் உயரமானவன். நண்பனுக்கு வந்தது எனக்கு ஏன் வரவில்லை?

உயரம் கூடும்போது எடையும் வலிமையும் ஒரே விகிதத்தில் கூடுவதில்லை என்பதே காரணம். ஒரே உடல்வாகு கொண்ட இருவரில் ஒருவர் 160 செ.மீ., மற்றவர் 180 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். உயரம் எட்டில் ஒரு பங்கு கூடுகிறது. எடை உயரத்தின் மும்மடியாக, அதாவது ஏறத்தாழ 42 விழுக்காடு கூடுகிறது. தசையின் குறுக்குவெட்டோ இருமடியாக, சுமார் 27 விழுக்காடு மட்டுமே கூடுகிறது. கூடுதல் எடையைத் தூக்க அதற்கு ஈடான தசை கிடைப்பதில்லை. பிளாஞ்ச், ஃப்ரண்ட் லீவர் போன்றவற்றில் நீண்ட கால்கள் நெம்புகோலையும் நீட்டிவிடுவதால் கஷ்டம் இரட்டிப்பாகிறது. நெட்டையானவர் நண்பரோடு ஒப்பிடாமல், சென்ற ஆண்டின் தன்னோடு ஒப்பிடுவதே கணக்குக்குப் பொருந்தும். ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர்கள் பெரும்பாலும் குட்டையாக இருப்பது தற்செயலன்று.

ஒரே நேரத்தில் எத்தனை இலக்குகள் வைத்துக்கொள்ளலாம்?

இழுப்பதில் ஒன்று, தள்ளுவதில் ஒன்று, காலுக்கு ஒன்று. இதற்கு மேல் வைத்தால் எதற்கும் போதிய தடவை கிடைப்பதில்லை. காலை மறப்பவர்களே அதிகம் என்பதால் அதைத் தனியே குறிப்பிடுகிறேன்: ஒற்றைக்கால் பஸ்கி, அதாவது ஒரு காலை முன்னே நீட்டி மற்றக் காலால் முழுவதும் இறங்கி எழுவது, பல ஆண்டுகளுக்கு வேலை கொடுக்கும் இலக்கு. ஸ்டூலில் அமர்ந்து ஒரு காலால் எழுவதில் தொடங்கி, ஸ்டூலின் உயரத்தைக் குறைத்துக்கொண்டே வரலாம்.

காவலர் தேர்வுக்கும் அக்னிவீர் தேர்வுக்கும் தயாராகிறேன். எனக்கு இலக்கைத் தேர்வு வாரியமே வைத்துவிட்டதே?

ஆம், உங்கள் வேலை பாதியாகிவிட்டது. ராணுவத்தின் அக்னிவீர் உடல்திறன் தேர்வில் 1.6 கி.மீ. ஓட்டத்தோடு பீம் எனப்படும் புல்-அப்பும் இருக்கிறது. அதில் 10 எடுத்தால் 40 மதிப்பெண், 6 எடுத்தால் 16 மதிப்பெண் என்பது தொடர்ந்து வரும் முறை. தமிழ்நாட்டின் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். கயிறு ஏறுதலும் உண்டு. விதிகள் திருத்தப்படுவதுண்டு என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையை எடுத்து வைத்துக்கொண்டே திட்டம் போட வேண்டும்.

இங்கே இரண்டைக் கவனிக்க வேண்டும். தேர்வில் வேண்டியது 10 என்றால், பயிற்சியில் 12 அல்லது 13 வர வேண்டும். தேர்வு நாளில் ஓட்டம் முடிந்த களைப்பும், காத்திருந்த வெயிலும், பதற்றமும் சேர்ந்து இரண்டு மூன்றைப் பறித்துக்கொள்ளும். ஆகவே கடைசி இரண்டு மாதங்களில் வாரத்துக்கு ஒருமுறையேனும் ஓடி முடித்துச் சிறிது நேரத்திலேயே பாரில் தொங்கிப் பழக வேண்டும். ஓய்வெடுத்த புதுக் கையோடு எடுத்த எண்ணிக்கையை நம்பிப் போகிறவர்கள் ஏமாறுகிறார்கள்.

இன்னொன்று, கயிறு. புல்-அப்பில் தடித்த பாரைப் பக்கவாட்டில் பிடிக்கிறோம். கயிற்றிலோ முன்கை முழுதும் செங்குத்தாக இறுகுகிறது. பத்து புல்-அப் எடுப்பவர் முன்கை கல்லாகிப்போய்ப் பாதிக் கயிற்றில் நிற்பதுண்டு. பாரின்மேல் தடித்த துண்டொன்றைத் தொங்கவிட்டு அதன் இரு முனைகளையும் பிடித்துத் தொங்குவது கயிறு கிடைக்காத நாட்களுக்கு ஓரளவு ஈடாகும். ஆயினும் பாதங்களுக்கிடையில் கயிற்றைப் பூட்டும் முறையை உண்மையான கயிற்றில்தான் கற்க முடியும்.

தேதி குறிப்பது அவசியமா? எத்தனை மாதத்துக்குத் திட்டமிடுவது?

மூன்று மாதம் பொருத்தமான அளவு. அதற்குள் எதையும் முடித்துவிட வேண்டும் என்பதில்லை. மூன்று மாத முடிவில் அளந்து பார்த்து அடுத்த படியைத் தீர்மானிக்க வேண்டும். தொடக்கத்தில் ஒரு கண்கட்டு இருக்கிறது. முதல் சில வாரங்களில் கூடும் வலிமையில் பெரும்பங்கு, தசை பெருத்ததால் வருவதன்று. இருக்கும் தசையை நரம்புகள் திறம்பட இயக்கக் கற்றுக்கொள்வதால் வருவது. அந்த வேகத்தைக் கோடு போட்டு நீட்டி, ‘ஒரு மாதத்தில் நான்கு கூடியது, ஆகவே ஆண்டு முடிவில் ஐம்பது’ என்று கணக்கிடுபவர் மூன்றாம் மாதத்திலேயே மனம் உடைகிறார்.

நம் ஊரின் பருவத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயலும் 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலும் புதுச்சேரி, கடலூர்க் கரையைச் சாய்த்துவிட்டுப் போனது நினைவிருக்கும். அந்த மாதங்களில் திறந்த வெளியை நம்பும் திட்டம் நிற்காது. வீட்டுக்குள் செய்யக்கூடிய தண்டால், கைகளில் நிற்றல், ஒற்றைக்கால் பஸ்கி ஆகியவற்றை அப்போதைக்கு ஒதுக்கலாம். மே மாதக் கத்திரி வெயிலில் கடற்காற்றின் ஈரம் சேர்ந்து வியர்வை உலராமல் பாரிலிருந்து கை வழுக்கும். புதிய எண்ணிக்கையை முயல அது காலமன்று; வந்ததைக் காப்பாற்றினாலே போதும். ஜனவரி முதல் மார்ச் வரைதான் இங்கே பெரிய முயற்சிகளுக்கு உகந்த பருவம்.

மூன்று வாரமாக ஒரே எண்ணில் நிற்கிறேன். இலக்கை மாற்ற வேண்டுமா?

உடனே மாற்ற வேண்டாம். தூக்கம், சாப்பாடு, வாரத்துக்கு எத்தனை முறை என்பவற்றை முதலில் பாருங்கள். பிறகு ஒரு வாரம் செட்களைப் பாதியாகக் குறைத்து உடலை ஆற விடுங்கள்; பலருக்கு ஓய்வு வாரத்துக்கு அடுத்த வாரத்திலேயே எண்ணிக்கை கூடுகிறது. அதற்குப் பின்னும் அசையவில்லையென்றால் வடிவத்தை மாற்றுங்கள், இலக்கை அல்ல. ஒவ்வொரு செட்டிலும் முடியாமல் விழும்வரை எடுக்கும் பழக்கம் இருந்தால் அதுவே காரணமாக இருக்கக்கூடும். ஒன்றிரண்டு மிச்சம் வைத்து நிறுத்துவது நீண்ட ஓட்டத்தில் அதிகம் தரும்.

எடை குறைப்பதையே இலக்காக வைக்கலாமா?

அதிகக் கொழுப்பு உள்ளவருக்கு எடை குறைவதே புல்-அப்பை நெருங்கச் செய்யும்; ஐந்து கிலோ குறைவது முதுகிலிருந்து ஐந்து கிலோ மூட்டையை இறக்கி வைப்பதற்குச் சமம். ஆனால் அதைச் சாப்பாட்டுத் தட்டில் சாதிக்க வேண்டும். பயிற்சியின் இலக்கு வலிமையாகவே இருக்கட்டும். பட்டினியும் கடும் பயிற்சியும் சேர்ந்தால் கொழுப்போடு தசையும் கரையும்.

புரதம் எவ்வளவு வேண்டும்?

சராசரி இந்தியப் பெரியவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட அளவு. வலிமைப் பயிற்சி செய்வோருக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 72 முதல் 96 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராமும், 100 கிராம் மத்தி மீனில் சுமார் 20 கிராமும் உள்ளன. துறைமுகத்திலிருந்து மீன் வரும் ஊரில் இருந்துகொண்டு டப்பாப் பவுடரைத் தேடுவது என் பார்வையில் வீண் செலவு. சைவம் உண்பவர்கள் சுண்டல், பருப்பு, தயிர், பன்னீர் ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் அளவைக் கூட்டக் கூடாது.

பெண்களுக்குத் தனி இலக்கு வேண்டுமா?

இலக்கு அதுவே, காலம் கூடலாம். சராசரியில் பெண்களின் மேலுடல் தசை ஆண்களைவிடக் குறைவு என்பதால் முதல் புல்-அப் தாமதமாகும். கால் பயிற்சிகளில் அந்த இடைவெளி அதைவிடச் சிறியது. தண்டாலை முழங்கால் ஊன்றிப் பழகுவதைவிடத் திண்ணையிலோ மாடிப்படியிலோ கைகளை ஊன்றி, உடலை நேராக வைத்து எடுப்பதையே நான் பரிந்துரைக்கிறேன். வயிறும் இடுப்பும் சேர்ந்து வேலை செய்யும் பழக்கம் முதல் நாளிலிருந்தே வரும், படி ஒவ்வொன்றாக இறங்குவதே அளவுகோலாகவும் அமையும். பேறுகாலத்துக்குப் பின் தொடங்குபவர்கள் மருத்துவரின் அனுமதியோடு மூச்சு, இடுப்புத்தளத் தசைப் பயிற்சிகளிலிருந்து தொடங்க வேண்டும்.

அறுபது வயதைக் கடந்தவர்கள் எதைக் குறிவைப்பது?

நாற்காலியிலிருந்து எழுவதை. கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 நொடிக்குள் எத்தனை முறை முழுதாக எழுந்து அமர முடிகிறது என்று எண்ணும் சோதனை முதியோர் மருத்துவத்தில் வழக்கத்தில் உள்ளது. 60 முதல் 64 வயதுக்குள் ஆண்கள் 14-க்கும் பெண்கள் 12-க்கும் குறைவாக எடுத்தால், விழும் அபாயத்தைக் கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் அளவீடு கூறுகிறது. இது வெறும் எண் அல்ல. பந்தியில் இலை முன் சம்மணமிட்டு அமர்ந்தவர் யார் கையையும் பிடிக்காமல் எழுவதா, பேரனைக் கூப்பிடுவதா என்பதை முடிவு செய்யும் வலிமை இதுதான். இளைஞர்களின் பிளாஞ்சைவிட இந்த இலக்கே தகுதியில் உயர்ந்தது என்பேன். சுவரைப் பிடித்து அரைப் பஸ்கி, படியேற்றம், சுவர்த் தண்டால் ஆகியவற்றோடு வாரம் மூன்று நாள் போதும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கி முக்கக் கூடாது.

எங்கே பயில்வது?

இடம் பெரிய தடையன்று. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கடலோரப் பூங்காக்களிலும் மொட்டை மாடியிலும் உள்ள இரும்புப் பார்கள் உப்புக் காற்றில் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். மேலே பெயின்ட் பளபளத்தாலும் பற்றவைத்த மூலைகளில் செம்பழுப்புப் பொடி உதிர்ந்தால் அதில் தொங்க வேண்டாம். முதலில் பாதி எடையைக் கொடுத்து அசைத்துப் பாருங்கள்.

வலிக்கும்போது தொடரலாமா? எப்போது ஓர் இலக்கைக் கைவிடுவது?

தசையின் நடுவில், இரு பக்கமும் சமமாக, இரண்டு நாளில் தீரும் வலி பயிற்சியின் கூலி. அதைப் பொருட்படுத்த வேண்டாம். மூட்டில், ஒரு பக்கம் மட்டும், ஒரே புள்ளியில் விரல் வைத்துக் காட்டக்கூடிய வலி எச்சரிக்கை. புல்-அப்பை அளவுக்கு மீறி எடுப்பவர்களுக்கு முழங்கையின் உட்புறமும், தண்டால், கைகளில் நிற்றல் ஆகியவற்றை மிகுதியாகச் செய்பவர்களுக்கு மணிக்கட்டின் மேற்புறமும் இப்படி வரும். வார்ம்-அப்பில் குறையாமல் கூடும் வலியோ, காலையில் குடத்தைத் தூக்கும்போதும் சட்டையை மாட்டும்போதும் தெரியும் வலியோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அந்த அசைவை நிறுத்தி எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பார்க்க வேண்டும். மரத்துப்போதல், தோள் இடம் நழுவுவது போன்ற உணர்வு இருந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

ஓர் இலக்கை இரண்டு சூழலில் கைவிடலாம். அதே வலி ஒவ்வொரு முறையும் அதே கட்டத்தில் திரும்பி வருமானால், அந்த அசைவு உங்கள் உடலுக்கு இப்போது ஏற்றதன்று. புல்-அப் முழங்கையைப் படுத்தினால் சாய்வு இழுப்பில் பாரம் கூட்டலாம், முதுகுக்கு வேண்டியது அதிலும் கிடைக்கும். இன்னொன்று, ஆறு மாதமாக நோட்டில் எண்கள் ஏறிக்கொண்டிருந்தும் பயிற்சி நாள் வரும்போதெல்லாம் தட்டிக்கழிக்கவே தோன்றுமானால், அந்த இலக்கு வேறொருவருடையதாக இருக்கக்கூடும். அப்போது ஏற்கெனவே எடுக்க வந்ததை வாரம் ஓரிரு முறை செய்து காப்பாற்றிக்கொண்டு, மிச்ச நாட்களை வேறொன்றுக்குக் கொடுங்கள். வந்த வலிமையைக் காக்க, அதைச் சேர்க்க ஆன உழைப்பில் ஒரு சிறு பங்கே போதும்.